ஒட்டிவிடத் தீர்மானித்த பக்கம்

மாவட்ட ஆவணக் காப்பகம்
11 ஜூன் 2019

மதிப்பிற்குரிய மிஸ் கொன்செப்டா லாலி அவர்களுக்கு,

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். ஏப்ரலில் நீங்கள் எங்களுக்குக் கொடையாகத் தந்த மூன்று பெட்டிகளையும் பிரித்துவிட்டோம். துருப்பிடித்த குண்டூசிகள் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றோடு ஒரு செத்த எலியும் இருந்தது. அதை நாங்கள் பாதுகாக்கவில்லை.

உங்கள் தந்தை மார்ட்டின் லாலி செயலாளராக இருந்து எழுதிய கில்லோனா விவசாய விழாச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, நினைவிருக்கிறதா? கொட்டகைப் பரணின் ஈரம்தான் காரணம் என்று நீங்களும் நானும் நினைத்தோம். எங்கள் பழுதுபார்ப்பவர் ரியோனா மூன்று நாள் பொறுமையாக நீராவி காட்டி, ஒரு எழுத்துகூடச் சிதையாமல் அவற்றைப் பிரித்துவிட்டாள். ஈரமெல்லாம் இல்லை, மாவுப் பசை. வேண்டுமென்றே ஒட்டியிருக்கிறார்கள்.

உள்ளே இருந்தது 1957 செப்டம்பர் 9 அன்று நடந்த அவசரக் கூட்டத்தின் குறிப்பு. நகல் இணைத்திருக்கிறேன். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இவ்வளவு அருமையான பக்கத்தை நான் பார்த்ததில்லை. ஆகஸ்ட் 17 அன்று நகர நூலகத்தில் எங்கள் கண்காட்சி தொடங்குகிறது. மக்கள் தங்கள் ஊர்க் காகிதங்களைத் தாங்களே வந்து பார்க்கவேண்டும் என்பதற்காக வருடாவருடம் வைப்பது. இந்தமுறை நடுப்பெட்டியில் இந்தப் பக்கம்தான்.

நீங்களும் மகிழ்வீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள்,
ஃபெஹின் டூஹி
ஆவணக் காப்பாளர்


கில்லோனா
14 ஜூன்

திரு. டூஹி அவர்களுக்கு,

மகிழ்ச்சியா? நகலைப் படித்துவிட்டு எழுந்து நின்றவள், எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் கால் மணி நேரம் அப்படியே நின்றேன்.

உங்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. அதனால் சொல்கிறேன். கில்லோனா விழாவில், மோர் ஊற்றிப் பிசைந்து சுடும் சோடா ரொட்டிக்கு ஒரு வெள்ளிக்கோப்பை உண்டு. மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக வீட்டுக்கு. 1955, 56, 57 மூன்றிலும் ஜெயித்தது என் அம்மா நோரா லாலி. அந்தக் கோப்பை இன்றைக்கும் என் வீட்டில்தான் இருக்கிறது. இறக்கும்வரை அம்மா பெருமையோடு பேசியது இரண்டே விஷயம். ஒன்று அது, இன்னொன்று அவள் பற்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய காகிதம் என்ன சொல்கிறது? மேசையைத் துடைத்த பெண் தட்டுகளை நகர்த்தியபோது எண் அட்டைகள் மாறிவிட்டனவாம். 57இல் முதல் பரிசு வாங்கிய ரொட்டி சிஸ் ஹேன்ரஹனுடையதாம். அந்தப் பெண் மறுநாள் அழுதுகொண்டே வந்து சொல்லியிருக்கிறாள். கோப்பை வீட்டுக்குப் போயாயிற்று, ஆயர் கைகுலுக்கிவிட்டார், பத்திரிகைக்காரன் படம் எடுத்துவிட்டான், ஆகவே விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம் என்று ஒன்பது ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து முடிவுசெய்திருக்கிறார்கள். அதோடு நின்றார்களா? "குறிப்பேட்டிலிருந்து தாளைக் கிழிப்பது விதிக்குப் புறம்பானது என்பதால், இத்தாளை அடுத்த தாளோடு ஒட்டிவிடுவது எனத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் பொருளாளர்." மறைக்கிற காரியத்தையும் முறையாக எழுதிவைத்துவிட்டு மறைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆண்களின் மூளை அது.

சிஸ் ஹேன்ரஹன் செத்துப்போய் நாளாயிற்று. ஆனால் அவள் மகள் அட்ராக்டா என் எதிர்வீடு. அறுபது வருடமாக எங்களுக்குள் "மழை வரும்போல" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. வருடாவருடம் விழா முடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க கோப்பைக்குக் கைப்பிடி கொஞ்சம் கோணல் இல்ல?" என்று கேட்பாள். அவளும் நூலகத்துக்கு வருவாள். ஊரே வரும்.

ஒட்டியிருந்ததை யார் உங்களைப் பிரிக்கச் சொன்னது? கதவு சாத்தியிருந்தால் தட்டுவதில்லையா? புத்தகத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

கொன்செப்டா லாலி


மாவட்ட ஆவணக் காப்பகம்
19 ஜூன்

மதிப்பிற்குரிய மிஸ் லாலி,

நீங்கள் திட்டியது நியாயம். பசை என்று தெரிந்த உடனே உங்களைக் கேட்டிருக்கவேண்டும். ஒட்டிக்கொண்ட தாளைக் கண்டால் பிரிக்கத்தான் எங்களுக்குக் கை போகும். அது ஒட்டிக்கொண்டதா, ஒட்டப்பட்டதா என்று யோசிக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மன்னித்துவிடுங்கள். ரியோனா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஆனால் புத்தகத்தை என்னால் திருப்பித் தர முடியாது. நீங்கள் கையெழுத்திட்ட கொடைப் பத்திரத்தின்படி அது இப்போது மாவட்டத்து மக்களுடையது. கிழிக்கவும் முடியாது, மறுபடி ஒட்டவும் முடியாது. அதை எந்தப் பக்கத்தில் திறந்து காட்டுவது என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

நான் அனுப்பிய நகலில் கடைசி நான்கு வரி மங்கலாக விழுந்திருந்தது. விளக்கொளியில் பார்த்துப் படியெடுத்திருக்கிறேன். "செயலாளர் மட்டும் இதை எதிர்த்தார். இரு பெண்மணிகளிடமும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றார். செயலாளர் நாளையும் அந்த வீட்டில்தான் சாப்பிடவேண்டும் என்பதைத் தலைவர் நினைவூட்டினார். திருமதி லாலியிடம் சொல்வதில்லை என முடிவாயிற்று." இதை எழுதியிருப்பது உங்கள் அப்பாவே. தன்னை மடக்கிய வார்த்தையையும் விடாமல் எழுதியிருக்கிறார். ஆக, உங்கள் அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேறொரு குடும்பம் எங்களுக்குத் தந்த விழா அட்டவணைகள் இருக்கின்றன. 1957 வரை ஒவ்வொரு வருடமும் ரொட்டிப் போட்டியில் சிஸ் ஹேன்ரஹன் பெயர் இருக்கிறது. அதன்பிறகு ஒரு வருடம்கூட இல்லை.

உங்கள்,
ஃபெஹின் டூஹி


கில்லோனா
24 ஜூன்

ஃபெஹின் தம்பிக்கு,

ரியோனாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. கால்நடை மருத்துவரிடம் முப்பத்தோரு வருடம் கணக்கராக இருந்தவள் நான். கையை உள்ளே விட்டபிறகுதான் கன்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியும். அது அவருடைய குற்றமில்லை.

அப்பா எதிர்த்தார் என்பதை நூறு முறை படித்துவிட்டேன். பாவம் மனுஷன். தினமும் காலையில் அம்மா சுட்ட ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று அவள் கேட்க, "கோப்பைக்குரிய ரொட்டி" என்று சொல்லிக்கொண்டே முப்பது வருடம் ஓட்டியிருக்கிறார். எனக்கு அது கேலி மாதிரிதான் கேட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அட்ராக்டா ஊரை விட்டுப் போகிறாள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் மகனோடு தங்கப்போகிறாள். ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை விமானம். எழுபத்து மூன்று வயதில் போகிறவள் திரும்பி வரப்போவதில்லை. அந்தப் பக்கத்தை 21ஆம் தேதியிலிருந்து காட்டுங்களேன். நாலு நாள்தானே. அறுபத்திரண்டு வருடம் காத்திருந்த பக்கத்துக்கு நாலு நாளில் என்ன வந்துவிடப்போகிறது?

இது கோழைத்தனம் என்று எனக்கே தெரியும். நீங்கள் வேறு சொல்லவேண்டாம்.

கொன்செப்டா லாலி

பி.கு. கொடைப் பத்திரத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டிருந்தீர்கள். என்னிடம் அஞ்சல் முகவரி இருக்கிறது, அது போதும்.


மாவட்ட ஆவணக் காப்பகம்
1 ஜூலை

அன்புள்ள மிஸ் லாலி,

அப்படியே செய்கிறேன். கண்காட்சியில் 1956ஆம் வருடப் பக்கத்தைத் திறந்து வைப்போம். காளை ஒன்று தேநீர்க் கூடாரத்துக்குள் புகுந்ததும், பாதிரியார் மேசைமேல் ஏறியதும், அதற்காக அவருக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியதும் அதில் இருக்கின்றன. ஊர் சிரிக்கும்.

ஆனால் நான் உங்களிடம் மறைக்கக்கூடாது. எங்கள் வாசிப்பறை எல்லோருக்கும் திறந்தது. யார் வந்து கேட்டாலும், கையைக் கழுவிக்கொண்டு, பேனாவை வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தால், அந்தக் குறிப்பேட்டை நான் கொண்டுவந்து தரத்தான் வேண்டும். அட்ராக்டா ஹேன்ரஹன் வந்து கேட்டாலும் அப்படித்தான். கேட்காதவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்லமாட்டேன். கேட்டவர்களிடம் பொய்யும் சொல்லமாட்டேன்.

இரண்டாவது பெட்டியில் ஒரு கடிதக் கட்டு இருந்தது. உங்கள் அப்பா 1958 பிப்ரவரியில் செயலாளர் பதவியை விட்டுவிட்டார். குறிப்பேட்டைத் திருப்பித் தரும்படி சங்கம் நான்கு முறை எழுதியிருக்கிறது. கடைசிக் கடிதத்தில் கொஞ்சம் மிரட்டலும் உண்டு. அவர் தரவேயில்லை. அதைக் கிழிக்கவும் யாரையும் விடவில்லை, தானும் திறக்கவில்லை. என்றைக்காவது யாராவது திறக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. இது என் ஊகம். பட்டியலில் ஊகம் எழுதக்கூடாது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள்,
ஃபெஹின்


கில்லோனா
12 ஆகஸ்ட்

ஃபெஹின் தம்பிக்கு,

ஆறு வாரமாக உங்களுக்குப் பதில் எழுதவில்லை. எழுதினால் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது. எழுதாமலே மாறிவிட்டது.

நேற்று அட்ராக்டா வீட்டுச் சாமான்களை எல்லாம் முற்றத்தில் பரப்பி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். ஊரே போனது. போகாவிட்டால் அதையும் பேசுவார்கள் என்று நானும் போனேன். வேண்டாவெறுப்பாக ஒரு சல்லடையைக் கையில் எடுத்தேன்.

"அத எடுத்துக்கோ," என்றாள். "எங்கம்மா மாவு சலிச்சது."

"நல்ல சல்லடையா இருக்கே. கூட எடுத்துட்டுப் போகலையா?"

"பெர்த்துக்கா? அங்க கடையிலயே ரொட்டி விக்குதாம், என் மருமக சொன்னா." அப்புறம் கை நீட்டிச் சல்லடையின் தூசியைத் தட்டினாள். "அம்மா கடைசி வாரத்துல நெனவு தப்பிக் கிடந்தாளே, அப்ப என்ன கேட்டா தெரியுமா? 'அட்ராக்டா, அன்னிக்கி மோரு கெட்டுப்போயிருந்துதா?'ன்னு. அந்த வருஷப் போட்டிக்கு ஊத்துன மோரு. எங்க தப்பு பண்ணினோம்னு சாகுறவரைக்கும் தேடிக்கிட்டே இருந்தா. ஒரு ரொட்டிக்கு இப்படி ஒரு ரோஷம். சிரிப்பா இல்ல?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சல்லடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மேசைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோர் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். நான் வாயை மூடிக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

காளை வேண்டாம் தம்பி. அந்தப் பக்கத்தையே திறந்து வையுங்கள். சனிக்கிழமை நான் அவளை என் காரில் கூட்டிக்கொண்டு வருகிறேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அப்பா எழுதியதை அவளே படிக்கட்டும். கோப்பையைத் துண்டில் சுற்றி வண்டியின் பின்னால் வைத்துவிடுவேன்.

அம்மாவிடம் நேற்று ராத்திரி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

கொன்செப்டா


மாவட்ட ஆவணக் காப்பகம்
18 ஆகஸ்ட், ஞாயிறு

அன்புள்ள கொன்செப்டா,

நேற்று அவரை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, "வண்டிய சரியா நிறுத்தினேனான்னு பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனீர்கள். முக்கால் மணி நேரமாக எந்த வண்டியைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் காணாததை எழுதுகிறேன். எழுதிவைப்பதுதானே என் பிழைப்பு.

அட்ராக்டா கண்ணாடிப்பெட்டி முன்னால் நின்று இரண்டு முறை படித்தார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. ரியோனா ஒரு நாற்காலி கொண்டுவந்தாள், அவர் உட்காரவில்லை. அழுவார் அல்லது அடிப்பார் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன்.

"தம்பி," என்றார். "இங்க எங்கம்மா ரொட்டிக்குப் பத்தொம்பதுன்னு போட்டிருக்கே. மொத்தம் எத்தன?"

"இருபது மதிப்பெண்ணுங்கம்மா."

"அப்ப ஒண்ணு எங்க போச்சு?"

நடுவரின் குறிப்பு பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் படித்துக் காட்டினேன். "மேலோடு சற்றே கருகல்."

"கருகலா? எங்கம்மா சுட்டதா?" கண்காட்சி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அந்த மனுஷன் யாரு? ட்யூம் டவுன்ல இருந்து வந்தானே, சுருட்டுப் பிடிப்பானே, அவனா? அவனுக்கு நாக்குன்னு ஒண்ணு இருந்துச்சா? நல்ல ரொட்டின்னா மேல அப்படித்தான்டா இருக்கணும். நீ சொல்லு, நீ ரொட்டி தின்னிருக்கல்ல?"

நான் ரொட்டி தின்றிருப்பதாக ஒப்புக்கொண்டேன். பென்சிலைக் கேட்டார். வாசிப்பறையில் பென்சில்தானே அனுமதி என்று அவரே எனக்குச் சட்டம் சொன்னார். குறிப்பேட்டிலேயே இருபது என்று திருத்துவதற்காம். பெட்டியின் மூடியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள நேர்ந்தது. கடைசியில் பார்வையாளர் பதிவேட்டைக் காட்டி, இதில் எழுதினால் இதுவும் காப்பகத்துக்குத்தான் வரும், நூறு வருடம் ஆனாலும் இருக்கும் என்றேன்.

"நெசமாவா?"

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

எழுதினார். "1957ஆம் வருடப் போட்டியில் முதல் பரிசு பெற்றவர் திருமதி சிஸ் ஹேன்ரஹன். மோர் கெடவில்லை. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது தவறு. இப்படிக்கு மகள்." அதற்குக் கீழே வரிசையில் நின்ற பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் நாலு பேர் அமெரிக்கச் சுற்றுலாக்காரர்கள், என்ன விஷயமென்றே தெரியாமல் போட்டார்கள்.

அப்புறம் உங்கள் அப்பாவின் கடைசி நான்கு வரியைக் கண்ணாடிமேல் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். "மார்ட்டின் பாவம்," என்றார். "எப்பப் பாத்தாலும் எங்கம்மாவுக்கு முட்டை கொண்டாந்து குடுப்பார். எதுக்குன்னே எங்களுக்குத் தெரியாது." பிறகு, "அவ எங்க? இன்னுமா வண்டிய நிறுத்திக்கிட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். அதற்குமேல் நடந்தது என் ஆவணத்தில் இல்லை.

உங்கள்,
ஃபெஹின்


கில்லோனா
26 ஆகஸ்ட்

ஃபெஹினுக்கு,

உங்கள் ஆவணத்தில் இல்லாததை எழுதித் தருகிறேன். வேண்டுமானால் குண்டூசி குத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வண்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அவள் கதவைத் திறந்து, ஏறி, பெல்ட்டைப் போட்டாள். "உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"ஜூன்ல இருந்து."

"ரெண்டு மாசமா?"

"நீ ப்ளேன் ஏறிப் போயிருவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்." சொல்லிவிட்டேன். இனி என்ன இருக்கிறது மறைக்க?

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அறுபது வருஷம் ஒட்டிக் கெடந்ததுக்கு ரெண்டு மாசம் பெரிசில்ல. வண்டிய எடு. எனக்கு டீ வேணும், கூட ஏதாச்சும் கேக்கும் வேணும். நீதான் வாங்கித் தர்ற."

ஹோட்டலில் துண்டைப் பிரித்துக் கோப்பையை அவள் முன்னால் வைத்தேன். கைப்பிடி கோணல் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத் தேச்சு வெச்சிருக்கடி," என்றாள். "எங்க வீட்ல இருந்திருந்தா இந்நேரம் கறுத்துப் போயிருக்கும். எங்கம்மா ரொட்டி சுடுவா, எதையும் தேய்க்கமாட்டா." அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். பரிமாற வந்த பையன் பயந்துபோய்க் கேக்குக்குக் காசு வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷானன் விமான நிலையத்துக்கு நானே கொண்டுபோய் விட்டேன். கோப்பையைக் கைப்பையில் வைத்திருந்ததால் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். அவள் 1957இலிருந்து ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். சோதனைக்காரி மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு, "கருகல்னா சொன்னான்?" என்று கேட்டாளாம்.

போகும்போது வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். வீடு விற்கும்வரை ஜெரேனியம் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். வியாழக்கிழமை காலை போனேன். எழுபத்தொரு வயதுக்குள் அந்தச் சமையலறைக்குள் நான் கால் வைப்பது அதுதான் முதல்முறை. குவளையை நிரப்பத் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நேர் எதிரே எங்கள் வீட்டு முன்ஜன்னல்.

அந்த ஜன்னலில்தான் கோப்பை இருந்தது. வெளிச்சம் நன்றாக விழும் என்று அம்மா அங்கே வைத்தாள். அவளுக்குப் பிறகு நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தேய்த்து அதே இடத்தில் வைத்தேன், முகப்பு தெருப்பக்கம் பார்க்கும்படி. சிஸ் ஒரு நாளைக்கு மூன்று வேளை அந்தத் தொட்டியில் பாத்திரம் கழுவியிருக்கிறாள். வெளிச்சத்துக்காகத்தான் வைத்தேன் என்று இத்தனை காலம் நானும் நம்பிக்கொண்டிருந்தேன், தம்பி.

நேற்று அட்ராக்டா பெர்த்திலிருந்து கூப்பிட்டாள். பேரன்கள் முரடர்கள், வெயில் தாங்கவில்லை, கடை ரொட்டி பஞ்சு, மருமகள் பரவாயில்லை. எல்லாம் சொன்னாள். நானாகத்தான் கேட்டேன், கோப்பையை எங்கே வைத்திருக்கிறாய் என்று.

"அலமாரிக்குள்ள," என்றாள். "எதுத்த வீட்ல ஒரு இத்தாலிக்காரி இருக்கா. நல்லவ. வந்த அன்னிக்கே தக்காளி கொண்டாந்து குடுத்தா. அவ கண்ணுல எதுக்குப் படணும்?"

ஜெரேனியம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கொன்செப்டா